கன்னத்துக்குள் ஒரு காய்ப்பு

ப்ளஸ் ஒன் படித்தபோது உயிரியல் லேபில் ஒரு பரிசோதனை. பல்குத்தும் குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் புளூ விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பார்த்தேன். நசுங்கின அப்பளம் மாதிரி நாலைந்து செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கருநீலப் பொட்டு. ரெக்கார்டு நோட்டில் 'எபிதீலியல் செல்' என்று படம் வரைந்து, பத்துக்கு ஏழு வாங்கிக்கொண்டு, அத்தோடு மறந்துவிட்டேன்.

இருபது வருஷம் கழித்து அதே செல்கள் எனக்கு ஆள் விட்டன.

ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது, இடது கன்னத்தின் உள்ளே சொரசொரவென்று எதுவோ நாக்கில் பட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளையாக ஒரு திட்டு. தேய்த்தால் போகவில்லை. வலி? கிடையாது. வலிக்காத எதையும் ஆபீஸ் ஃபைல் மாதிரி தள்ளிப்போடுவது என் சுபாவம். இரண்டு மாதம் தள்ளினேன். கடைசியில் மனைவிதான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன போடறீங்க?" என்றார் டாக்டர், எடுத்த எடுப்பில்.

"பெரிசா ஒண்ணும் இல்லை டாக்டர். டீ குடிச்சா ஒரு பாக்கு. புகையிலையெல்லாம் கிடையாது."

"ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"ஆறு."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே அச்சிட முடியாது.

மிளகளவு சதையை வெட்டி பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம். அந்த வாரம் தூக்கம் வராமல் படித்துத் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் பெயர். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் ஃபிரெடரிக் ரைஷ் என்ற உடற்கூறு நிபுணர் வைத்தது. கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேலே. 'தீலே' என்றால் மார்புக்காம்பு. மனிதர் அங்கே இருக்கும் மெல்லிய தோலைப் பார்த்துவிட்டு வைத்த பெயரை, பின்னால் வந்தவர்கள் உடம்பின் உறை முழுவதற்கும் நீட்டிவிட்டார்கள்.

உறை என்றால் வெளித்தோல் மட்டுமல்ல. வாய், உணவுக்குழாய், இரைப்பை, குடல், மூச்சுக்குழாய் என்று வெளியுலகம் நம்மை எங்கெல்லாம் உரசுகிறதோ, அங்கெல்லாம் இந்த செல்கள் முதல் நாள் முதல் ஷோ க்யூ மாதிரி இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. இடத்துக்கு ஏற்ற வேஷம். நுரையீரலின் காற்றுப்பைகளில் ஆக்ஸிஜன் சுலபமாக நுழைய வேண்டும் என்பதால், காகிதத்தைவிட மெல்லிசாக ஒரே அடுக்கு. மூச்சுக்குழாயில் செல்லுக்குச் சுமார் 200 நுண்மயிர்கள். வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடுப்புப் போட்டு, சளியில் ஒட்டின தூசியைத் தொண்டைக்கு ஏற்றுகின்றன. சிகரெட் புகையில் இந்தத் துடுப்புகள் படுத்துவிடும். காலையில் லொக்லொக்கென்று இருமுகிற நண்பர், துடுப்பு செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறார்.

குடலில் உறிஞ்சுகிற வேலை. அதற்காக மடிப்புக்குள் மடிப்பு. விரித்தால் டென்னிஸ் கோர்ட் அகலம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2014-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் இருவர் அளந்து பார்த்துவிட்டு, உணவுப்பாதை முழுக்கச் சேர்த்தே சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். பாதி பாட்மின்டன் கோர்ட். ஒரு சின்ன போர்ஷன். குறைத்த பிறகும் வாடகைக்கு விடலாம் போலிருக்கிறது!

இந்த செல்களுக்கு சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. கீழே இருக்கிற திசுவிலிருந்து ஊறி வருவதில்தான் பிழைப்பு. ஆயுசும் சொற்பம். குடலின் உறை மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாகிவிடும். வாய்க்கு ஏறக்குறைய இரண்டு வாரம், மேல்தோலுக்கு சுமார் ஒரு மாதம். அடி வரிசையில் செல்கள் பிரிந்துகொண்டே இருக்க, புதுசு மேலே வர, பழசு உதிரும். சூடான காபியில் சுட்டுக்கொண்ட வாய் சில நாளில் ஆறிவிடுவது இதனால்தான்.

வினையும் இங்கேதான். ஓயாமல் காப்பி எடுக்கிற ஆபீஸில் எழுத்துப் பிழையும் அதிகம். போதாக்குறைக்கு, விஷம் முதலில் படுவதும் இங்கேதான். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பத்துக்கு எட்டுக்குக் குறையாமல் எபிதீலியத்தில் கிளம்புபவை.

என் பாக்கு விஷயம் என்னவென்றால், ஒரே இடத்தில் தினம் உரசி, ஊறி, கொத்தனார் உள்ளங்கை மாதிரி என் கன்னம் காய்த்துவிட்டது. அந்தக் காய்ப்புதான் வெள்ளைத் திட்டு. 'வெறும் பாக்குதானே சார்' என்கிற கட்சியா நீங்கள்? நானும் அந்தக் கட்சிதான். புகையிலை கலக்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2003-லேயே சொல்லிவிட்டது. எனக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

ரிசல்ட் வந்தது. டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டார்.

"இது பேஸ்மென்ட் மெம்பரேன். எபிதீலியம் இதுக்கு மேலதான் உட்காரணும். உங்க செல்லுங்க கொஞ்சம் தாறுமாறா இருக்கு, பொட்டெல்லாம் பெரிசா. ஆனா கோட்டைத் தாண்டலை."

"தாண்டினா?"

"தாண்டினா அதுக்குப் பேரு கேன்சர்."

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத கோடு. அதற்கு இந்தப் பக்கம் நான்.

"தாண்டாம இருக்க மாத்திரை ஏதாவது..."

"பாக்கை விடுங்க. அதான் மாத்திரை."

விட்டேன். முதல் பத்து நாள் நரகம். பால்பாயிண்ட் பேனா மூடிகள் மூன்றைக் கடித்தே தீர்த்தேன். சோம்பு மென்றேன். மானேஜரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன் (அது பழைய பாக்கி). நாலு மாதத்தில் திட்டு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. "எல்லாருக்கும் இப்படிக் கரையாது. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வந்து காட்டணும்" என்றிருக்கிறார் டாக்டர்.

நீங்களும் இன்றைக்கு ராத்திரி ஒரு டார்ச்சும் கண்ணாடியும் எடுங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், வலிக்காவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்கிறவரை காத்திருப்பதுதான் தப்பு.

டீக்கடைக்காரர் இன்னமும் பழக்கதோஷத்தில் டீயோடு பொட்டலத்தையும் நீட்டுகிறார். வேண்டாமென்று தலையாட்டும்போது, நாக்கு தானாகப் போய் இடது கன்னத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.