அடுக்களையிற் பின்னக் கணக்கு

பின்னக் கணக்கு என்றவுடன் மாணவர் பலர் முகஞ் சுளிப்பர். கரும்பலகைக்கும் பரீட்சைத் தாளுக்கும் அப்பால் அதற்கு வேலையில்லை என்பது அவர்தம் எண்ணம். ஆயின், நாள்தோறும் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருப்பவர் ஒருவர் அவர்கள் வீட்டிலேயே உளர். அடுப்படியில் நிற்கும் தாயே அவர்.

அரைச் சுண்டு அரிசியோடு காற் சுண்டு சேர்ந்தால் முக்காற் சுண்டு ஆகும். அரையும் காலும் வெவ்வேறு அளவின. அவற்றை அப்படியே எண்ணிக் கூட்டல் இயலாது. அரையை இரண்டு காலாகக் கொண்ட பின்னரே, இரண்டு காலும் ஒரு காலும் மூன்று கால் என்கிறோம். பின்னக் கூட்டலின் விதி இவ்வளவே: பகுதிகளை ஒன்றாக்குக, பின்னர்த் தொகுதிகளைக் கூட்டுக.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். எண்சுவடியிலே மா என்பது 1/20. காணி என்பது 1/80. இவ்விரண்டும் சேர்ந்ததே மாகாணி. 1/20 என்பது 4/80 ஆகலின், கூட்டுத்தொகை 5/80, அதாவது 1/16. அப்பெயரே ஒரு கூட்டற் கணக்கு! மாவும் காணியும் வீசமும் அரைக்காலும் 1/320 ஆகிய முந்திரியால் மீதியின்றி அளக்கப்படுவன. மூன்றில் ஒன்றோ அவ்வரிசையில் அடங்காது; 320ஐ மூன்றால் மீதியின்றி வகுத்தல் இயலாதன்றோ?

சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி 3/4 சுண்டு, வறுத்த பயறு 1/3 சுண்டு எனக் கொள்வோம். இரண்டும் சேர்ந்த அளவைப்போல் மும்மடங்கு நீர் விடல் வேண்டும். 4, 3 என்பவற்றின் பொது மடங்குகளுட் சிறியது 12. எனவே 9/12 உம் 4/12 உம் சேர்ந்து 13/12 சுண்டாகும். அதன் மும்மடங்கு 39/12. சுருக்கினால் மூன்றேகாற் சுண்டு நீர்.

மாணவர் சிலர் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி 4/7 என விடை எழுதுவர். முக்காலோடு மேலும் ஒரு பங்கைச் சேர்த்தபின், அது முக்காலிலுங் குறைவது எங்ஙனம்? அக்கணக்கை நம்பிப் பொங்குபவர் இரண்டு சுண்டு நீர்கூட விடார். பானை அடிப்பிடிக்கும், பயறு வேகாது. தாளிலே ஒரு புள்ளி குறைவதோடு நின்ற பிழை, இங்கே ஒரு குடும்பத்தின் உணவைக் கெடுத்துவிடும்.

நால்வருக்கான இப்பொங்கலை அறுவருக்கு ஆக்கும்போது, ஒவ்வொரு பொருளோடும் அதன் பாதியைக் கூட்டுக. அரிசி 3/4 உம் 3/8 உம் சேர்ந்து 9/8, அதாவது ஒன்றே அரைக்கால். பயறு 1/3 உம் 1/6 உம் சேர்ந்து அரை. நீர் நாலே முக்காலே அரைக்கால். அரிசியையும் பயற்றையும் கூட்டி மும்மடங்காக்கினாலும் இதே விடை வரும். கணக்குச் சரியென்பதற்கு அதுவே சான்று.

விடையை எழுதுமுன், அது கூட்டிய பின்னங்களிற் பெரியதினும் மிகுந்துள்ளதா என நோக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுதல் நன்று. ஒரு சுண்டும் சிறிதளவு மணலும் வகுப்பறையில் இருந்தால், சூத்திரத்தை மனனஞ் செய்து மயங்கும் பிள்ளையும் கண்ணாற் கண்டு தெளியும்.