கல்லீரல் நோயாளிக்கு வென்டிலேட்டர்: டாக்டர்கள் உயரத்தை அளப்பது ஏன்?

"வென்டிலேட்டர் வைக்கணும், கையெழுத்துப் போடுங்க." மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையாக இருந்தாலும் சரி, தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் சரி, இதைக் கேட்டதும் 'அவ்வளவுதானா?' என்று உடைந்துபோகிற குடும்பங்கள் அதிகம். நோயாளிக்கு ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்தால் பயம் இரட்டிப்பாகும். உண்மையில் வென்டிலேட்டர் என்ன செய்கிறது?

ஏஆர்டிஎஸ் என்றால் என்ன?

நிமோனியா, ரத்தத்தில் பரவும் கிருமித்தொற்று போன்றவற்றால் நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் சேராமல் போகும் நிலைதான் ஏஆர்டிஎஸ். கல்லீரல் சுருங்கிப்போகும் சிரோசிஸ் நோயாளிகளுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு. தொற்று சீக்கிரம் முற்றிவிடும். வயிற்றில் தேங்கும் நீர் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், நுரையீரல் விரியவும் இடம் இருக்காது.

மதுரைக்காரர்கள் ஏன் கவனிக்கணும்?

கல்லீரலையும் நுரையீரலையும் ஒருசேரத் தாக்கக்கூடியது எலிக்காய்ச்சல். முற்றினால் மஞ்சள் காமாலையும் நுரையீரலில் ரத்தக்கசிவும் வரலாம். 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரை வட்டாரத்தில் இது பரவியது. பாதிக்கப்பட்டவர்கள் பலர் கண் அழற்சியோடு அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தனர். தேங்கிய நீரிலும் வயல் சேற்றிலும் வேலை செய்பவர்களுக்கு இன்றும் ஆபத்து உண்டு.

உயரம் எதற்கு?

நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்தது அல்ல. 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்குக் கணக்கு எடை சுமார் 61 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. வீதம், ஒரு மூச்சுக்குச் சுமார் 370 மி.லி. காற்று. வயிற்று நீரால் அவர் 80 கிலோ இருக்கிறார் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டால் 480 மி.லி. ஆகிவிடும், புண்பட்ட நுரையீரல் இன்னும் கிழியும்.

2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்தபோது 39.8 சதவீதமாக இருந்த இறப்பு, 6 மி.லி. கொடுத்தபோது 31 சதவீதமாகக் குறைந்தது. ஆனால், முற்றிய கல்லீரல் நோயாளிகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அதனால் இவர்களுக்கு டாக்டர்கள் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்துத்தான் வைக்கிறார்கள்.

வேறென்ன சிக்கல்?

* மூச்சு விட்ட பிறகும் நுரையீரல் சுருங்காமலிருக்க மிஷின் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கும். அது கூடிப்போனால் ரத்த அழுத்தம் இறங்கி, கல்லீரலுக்குப் போகும் ரத்தமும் குறையும்.
* மயக்க மருந்துகள் பலவற்றைக் கல்லீரல்தான் வெளியேற்ற வேண்டும். அது முடியாதபோது நோயாளி விழிக்கத் தாமதமாகும்.
* வயிற்று நீரை ஊசி வழியே எடுத்தால் மூச்சு இலகுவாகும். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால், ரத்த அழுத்தம் விழாமலிருக்க ஆல்புமின் ஏற்றுவார்கள்.

பிழைப்பார்களா?

வென்டிலேட்டர் கல்லீரலையும் குணமாக்காது, நுரையீரலையும் குணமாக்காது. மருந்து வேலை செய்யும்வரை அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவே. தொற்று அடங்கினால் மீள வாய்ப்பு உண்டு. சிறுநீரகம், மூளை என ஒவ்வொன்றாகச் செயலிழந்தால் வாய்ப்பு குறையும். 'எந்த உறுப்புகள் வேலை செய்கின்றன? எத்தனை நாளில் தெரியும்?' என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

கல்லீரல் நோயாளிக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு என எது வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.