மணிக்கட்டில் துடிக்கும் தமனி

முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, மேற்கையிலிருந்து இறங்கிவரும் பெரிய தமனி இரண்டாகப் பிரிகிறது. சுண்டுவிரல் பக்கம் செல்லும் கிளை அல்னார் தமனி. கட்டைவிரல் பக்கம் செல்வது ரேடியல் தமனி. பின்னது பொதுவாகச் சற்று மெல்லியது. மணிக்கட்டருகே அதன் விட்டம் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான்.

முன்கையின் மேற்பாதியில் ரேடியல் தமனி தசைக்கு அடியில் மறைந்து ஓடுகிறது. மணிக்கட்டை நெருங்கும்போது தசைகள் ஒடுங்கித் தசைநாண்களாகிவிட, தமனி தோலுக்கு அருகே வந்துவிடுகிறது. அடியில் ரேடியஸ் எலும்பு கெட்டியாக இருப்பதால் விரலால் லேசாக அழுத்தினாலே துடிப்பு தெரிகிறது. சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து வாத, பித்த, கப நாடி பார்ப்பதும், செவிலியர் கடிகாரத்தைப் பார்த்தபடி துடிப்பை எண்ணுவதும் இங்கேதான்.

ஆனால் இதன் பாதையில் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி நாடி பிடிக்கும் இடத்துக்கு அப்பால் இருக்கிறது. கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில், தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு குழி விழும். புறங்கைப் பக்கம் திரும்பும் தமனி அந்தக் குழியின் தரையைக் கடந்து செல்கிறது. அங்குள்ள ஸ்கேஃபாய்டு என்னும் சிறு எலும்புக்கு இதன் கிளைகளே இரத்தம் தருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எலும்பின் விரல் பக்க முனையருகே நுழைந்து, முன்கைப் பக்கமாகப் பின்னோக்கிப் பாய்கின்றன. ஆகவே எலும்பு நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு இரத்தமின்றிச் செத்துப்போகக்கூடும். கையூன்றி விழுந்தவருக்கு அந்தக் குழியில் வலி இருந்தால், வெறும் சுளுக்கு என்று விட்டுவிடவே கூடாது. முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம்.

பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ளங்கைக்குள் புகும் தமனி, அல்னார் தமனியின் கிளையோடு இணைந்து ஆழ்ந்த வளைவு ஒன்றை அமைக்கிறது. அதற்கு மேலே உள்ள இன்னொரு வளைவு பெரும்பாலும் அல்னாரின் பங்கு. இந்த இணைப்பால், ஒன்று அடைபட்டாலும் பலருக்கு மற்றது கையைக் காக்கிறது. இணைப்பு போதுமானதா என்று பார்க்க, 1929இல் எட்கர் ஆலன் விவரித்த சோதனையின் திருத்திய வடிவம் பயன்படுகிறது: இரு தமனிகளையும் அழுத்தி, உள்ளங்கை வெளுத்ததும் அல்னாரை மட்டும் விடுவித்து, சிவப்பு எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்று கவனிப்பார்கள்.

இந்த மாற்றுவழியை நம்பித்தான் பைபாஸ் அறுவையில் ரேடியல் தமனியையே எடுத்து இதயத்தில் பொருத்துகிறார்கள். 1989இல் மான்ட்ரியல் மருத்துவர் லூசியன் காம்போ, மணிக்கட்டு வழியே இதயத் தமனிகளை ஆஞ்சியோகிராம் செய்த அனுபவத்தை வெளியிட்டார். தொடை வழியே செய்தால் நோயாளி பல மணி நேரம் காலை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். மணிக்கட்டு வழியே செய்தவர் விரைவில் எழுந்து உட்காரலாம். இரத்தக்கசிவும் குறைவு. சிலருக்கு மட்டும் இந்தத் தமனி முழங்கைக்கு வெகு மேலேயே, சில சமயம் அக்குளருகே பிரிந்துவிடும். அவர்களிடம் குழாய் செலுத்துவது கடினமாகி, மருத்துவர் வழியை மாற்ற நேரலாம்.