கொலு வீட்டில் எழுந்திருக்க முடியவில்லை!

முந்தின வருஷம் நவராத்திரியில் நடந்தது இது. அடுத்த தெரு மாமி வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். பாயில் உட்கார்ந்து ஒரு பாட்டும் பாடினேன். சுண்டலும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தால், முழங்கால் கேட்கவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் மாமியின் பெண்ணைப் பிடித்துக்கொண்டு "முருகா!" என்று ஒரு வழியாக எழுந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அழுகைதான் வந்தது. அப்போது எனக்கு வயது 46.

என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் தரையில் உட்காருவதை விட்டாள். அப்புறம் மாடிப்படி. அப்புறம் கோயில். கடைசி ஆறு வருஷம் கட்டிலும் ஜன்னலும்தான் அவளுக்கு உலகம். அந்தக் கட்டில் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனேன். உயரம் ஐந்தடி, எடை 74 கிலோ. டேப்பால் இடுப்பை அளந்தார்: 96 செ.மீ. "நம்ம பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு அதிகம்மா" என்றார்.

"நான் சாப்பிடறதே கொஞ்சம்தான் டாக்டர்!"

"அப்படியா? ஒரு வாரம் வாயில் போடறதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாங்க."

எழுதிப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. பையன் மிச்சம் வைத்த தோசை, "வீணாகிறதே" என்று இரவில் நானே வழித்துச் சாப்பிட்ட சாதம், சுடும்போது ருசி பார்த்த வடை! நாலு வேளைக் காபியில் மட்டும் எட்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு நாளுக்கு ஆறு ஸ்பூனுக்குள் இருப்பது நல்லதாம்.

மாதவிலக்கு நிற்கும் வயதை ஒட்டி வயிற்றில் கொழுப்பு சேருகிறது, தசை குறைகிறது. பட்டினி கிடந்தால் தசைதான் இன்னும் கரையும் என்றார் டாக்டர். அவர் சொன்ன இன்னொன்று மனதில் பதிந்துவிட்டது. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறதாம்!

நான் செய்தது இவ்வளவுதான்:

1. மிச்சத்தை டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். என் வயிறு குப்பைத் தொட்டி இல்லையே!

2. நாலு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் ஆனது, இப்போது மூன்று. நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ, ஒரு டீஸ்பூனில் சுமார் 45 கலோரி.

3. தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல் அல்லது முட்டை. மீதிதான் சாதம். சாதத்தை விட்டுவிட்டு நாலு சப்பாத்தி சாப்பிட்டால் லாபமில்லை.

4. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை.

5. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது. இது தொடைக்கு பலம். முதல் வாரம் மூன்றுக்கு மேல் முடியவில்லை.

"கல்யாண வயசில் பெண்ணை வெச்சுண்டு உனக்கு எதுக்குடி அழகு?" என்று மாமியார் கேலி செய்தார். "அழகுக்கில்லேம்மா, நாளைக்கு உங்க பேத்தி என்னைத் தூக்கி உட்கார வைக்க வேண்டாமேன்னுதான்" என்றேன். அதன் பிறகு என் காபியில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டதே அவர்தான்!

முதல் மாதம் ஒரு கிலோதான் இறங்கியது. நடுவில் தீபாவளி வந்து ஒன்றரை கிலோ ஏறியது. விடவில்லை. ஒரு வருஷத்தில் 67-க்கு வந்தேன், இடுப்பு 88. இன்னும் குறைய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும், மூட்டு வலி அதிகம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்த நவராத்திரிக்கு அதே மாமி வீடு, அதே பாய். சுண்டலை ஒரு கையிலும் வெற்றிலை பாக்கை மறு கையிலும் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். யாரும் கவனிக்கவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

சகோதரிகளே, இதைப் படித்ததும் தரையில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கை தரையைத் தேடினால், இன்றைக்கே ஆரம்பித்து விடுங்கள்.