வலிக்காத நெறிக்கட்டியை அலட்சியம் செய்யாதீர்கள்



காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே நெறி கட்டும். தொட்டால் வலிக்கும், புண் ஆறியதும் நெறியும் கரைந்துவிடும். இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு வகை உண்டு. முள்ளும் இல்லை, புண்ணும் இல்லை. ஆனால் கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெல்லிக்காய் போல ஒரு கட்டி உருண்டு நிற்கும். வலிக்காது. வலிக்காததால்தான் "தானாப் போயிடும்" என்று சுண்ணாம்பைத் தடவிவிட்டு இருந்துவிடுகிறோம். இரண்டு மூன்று வாரத்தில் கரையாமல் மேலும் பெரிதானால், அது நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். டாக்டர்கள் லிம்போமா என்பார்கள். இதில் மெதுவாக வளரும் வகையும் உண்டு; சில வாரங்களிலேயே முற்றிவிடும் வேகமான வகையும் உண்டு. இங்கே சொல்வது வேகமான வகையைப் பற்றி.

நம் உடம்பில் ரத்தக் குழாய்களைப் போல நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்களும் இருக்கின்றன. அவற்றின் வழியில் ஆங்காங்கே மொச்சைக்கொட்டை போன்ற சுரப்பிகள். கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்கள் தங்குமிடம் அவை. அந்த வெள்ளணுக்களில் ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகுவதே இந்நோய்.

ஏன் வருகிறது? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். சில வைரஸ் கிருமிகளுக்கும் பங்கு உண்டு. பெரும்பாலோருக்கு இன்னது காரணம் என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை. செய்வினையும் அல்ல, சாமி குற்றமும் அல்ல. ஒட்டுவாரொட்டி நோயும் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். நோய் வந்த மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவைப்பது வெறும் அறியாமை அல்ல, கொடுமை.

கட்டியோடு சிலருக்குக் காரணமில்லாத காய்ச்சல் வரும். இரவில் பாய் நனையுமளவுக்கு வியர்க்கும். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 54 கிலோவுக்கு இறங்கிவிடுவார். "இதெல்லாம் டி.பி.க்கும் உண்டே" என்பீர்கள். உண்மைதான், சிக்கலே அங்கேதான். நம் பக்கம் டி.பி. அதிகம் என்பதால் முதலில் அதைச் சந்தேகிப்பதில் தவறில்லை. ஆனால் சதைப் பரிசோதனை செய்யாமலே டி.பி. மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பது ஆபத்து. மாத்திரை சாப்பிடும்போதே கட்டி பெருத்தால் உடனே டாக்டரிடம் திரும்பப் போங்கள். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது மட்டும் பல நேரம் போதாது. ஒரு நெறியை முழுதாக எடுத்துச் சோதித்தால்தான் எந்த வகை என்று தெரியும். "கத்தி வச்சா பரவிடும்" என்பது கட்டுக்கதை. சோதனைக்கு முன் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, நோயை மறைத்துவிடும்.

வேகமாக வளரும் இந்நோய் மருந்துக்கும் வேகமாகக் கரையும். பரவலாகக் காணப்படும் வகையில் பத்துப் பேரில் ஆறு பேர் வரை முழுக் குணம் அடைகிறார்கள். பொதுவாக 21 நாளைக்கு ஒரு தடவை வீதம் ஆறு தடவை மருந்து ஏற்றுவார்கள். அதில் வின்கிரிஸ்டின் என்ற மருந்து நம் ஊர் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்குகிறோமே, அதே செடிதான். அதற்காக இலையை அரைத்துக் குடித்துவிடாதீர்கள். டன் கணக்கான இலையிலிருந்து பிரித்தெடுப்பது சில கிராம்தான். பச்சை இலை விஷம்.

பலருக்கு இரண்டாம் தடவையிலேயே கட்டி மறைந்துவிடும். "அதான் சரியாப் போச்சே, நடவு வேலை கிடக்கு" என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. மிச்சமிருக்கும் நோய் திரும்பி வந்தால் குணப்படுத்துவது மிகக் கடினம். ஆறையும் முடியுங்கள். முடி கொட்டும், பிறகு முளைக்கும். சிவப்பு மருந்து ஏறிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தமல்ல. ஆனால் இடையில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

குழந்தை வேண்டும் என்றிருக்கும் தம்பதிகள் மருந்து தொடங்கும் முன்பே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட இது நேரமல்ல. மருந்தால் ஆணுக்கு விந்தணு குறையலாம். முன்கூட்டியே விந்தைச் சேமித்துவைக்க வழியிருக்கிறது. பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கலாம். இளவயதினர் பலருக்குத் திரும்ப வரும். சிகிச்சைக் காலத்திலும் முடிந்து ஓராண்டு வரையிலும் கர்ப்பம் கூடாது, ஆணுறை உபயோகியுங்கள். மாதவிலக்கு நின்றுவிட்டது என்ற தைரியத்தில் இருக்காதீர்கள். சிகிச்சையின்போது தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கையில் நோய் தெரிந்தாலும் கலைத்தே ஆக வேண்டும் என்பதில்லை; மூன்று மாதம் தாண்டிய பலருக்கு வயிற்றில் பிள்ளையோடே மருந்து கொடுக்க முடிகிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனையிலும், 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் சிகிச்சை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, பழைய சீட்டுகள், சதைப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் தேதி தவறாமல் காட்ட வேண்டும். திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே வரும்.