அமைதி காப்பவர் யார்? இரு நாடுகள் தரும் பாடம்



உலகில் எங்கு போர் மூண்டாலும், "ஐ.நா. சபை என்னதான் செய்கிறது?" என்று நாம் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். விடை காண, 1994ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் இரு நாடுகளில் நடந்ததைப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரின் பேரழிவுக்குப் பின், 1945 அக்டோபர் 24 அன்று ஐக்கிய நாடுகள் சபை உருவானது. 1948 டிசம்பர் 10 அன்று, 30 பிரிவுகள் கொண்ட உலக மனித உரிமைகள் அறிக்கையை அது ஏற்றது. புனித திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் எழுதிய 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலில் இவ்வறிக்கையை முக்கியமானதொரு முன்னேற்றமாகக் கண்டார்.

ஆனால் ஐ.நா.வுக்கெனச் சொந்தப் படை கிடையாது. பாதுகாப்பு அவை முடிவெடுத்து, உறுப்பு நாடுகள் வீரர்களை அனுப்பினால்தான் நீலத் தலைக்கவசம் அணிந்த அமைதிப்படை புறப்பட முடியும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய 5 நிரந்தர உறுப்பு நாடுகளுள் ஒன்று தடுத்தாலும் முடிவு நின்றுவிடும்.

மொசாம்பிக் நாடு 1975இல் போர்ச்சுக்கல்லிடமிருந்து விடுதலை பெற்றது. விரைவிலேயே அரசுக்கும் ரெனாமோ கிளர்ச்சியாளருக்கும் இடையே உள்நாட்டுப் போர் வெடித்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் போராலும் பசியாலும் மாண்டனர். பெய்ரா மறைமாவட்டப் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ், உரோமையின் சான் எஜிதியோ குழுமத்தைச் சேர்ந்த அந்திரேயா ரிக்கார்தி, இன்று கர்தினாலாக இருக்கும் மத்தேயோ சூப்பி, இத்தாலிய அரசின் பிரதிநிதி ஆகியோர் இரு தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்தினர். 1990 ஜூலையில் தொடங்கிய பேச்சு 27 மாதங்கள் நீண்டது. அசிசி புனித பிரான்சிசின் திருநாளான 1992 அக்டோபர் 4 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

கையெழுத்தோடு கடமை முடிந்துவிடவில்லை. இந்திய வீரர்கள் உள்ளிட்ட 6,000க்கும் மேற்பட்டோர் அமைதிப்படையில் பணியாற்றினர். போராளிகள் ஆயுதங்களை ஒப்படைத்தனர். சுமார் 17 லட்சம் அகதிகள் வீடு திரும்பினர். 1994 அக்டோபரில் பல கட்சிகள் பங்கேற்ற தேர்தல் நடந்தது. பிற்காலத்தில் அங்கு மோதல்கள் எழுந்து, 2019இல் புதிய ஒப்பந்தம் தேவைப்பட்டது உண்மையே. அமைதி ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள் அன்று.

அதே 1994இல் ருவாண்டாவில் நடந்ததோ வேறு. அங்கும் 1993இல் அருஷா நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. சுமார் 2,500 ஐ.நா. வீரர்களும் இருந்தனர். ஆயுதங்கள் பதுக்கப்படுவதாகத் தளபதி ரோமியோ டலேர் ஜனவரியிலேயே நியூயார்க்குக்குத் தகவல் அனுப்பினார். அவற்றைக் கைப்பற்ற அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரலில் படுகொலை தொடங்கி, 10 பெல்ஜிய வீரர்களும் கொல்லப்பட்டபோது, பாதுகாப்பு அவை படையைச் சுமார் 270 பேராகக் குறைத்தது. ஏறத்தாழ 100 நாட்களில் 8 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் துட்சி இனத்தவர். தஞ்சம் தேடி வந்தவர்கள் ஆலயங்களுக்குள்ளேயே வெட்டப்பட்டனர். குருக்கள், துறவியர் சிலரும் இப்பழியில் பங்குகொண்டனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் இதற்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

இரு நாடுகளிலும் ஒப்பந்தம் இருந்தது, ஐ.நா.வும் இருந்தது. வேறுபட்டது மனம். மொசாம்பிக்கில் போரிட்டவர்கள் அமைதியை விரும்பினர். உலக நாடுகளும் போதிய வீரர்களை அனுப்பின. ருவாண்டாவில் ஆயுதம் ஏந்தியவர்கள் அமைதியை வெறுத்தனர். உலக நாடுகளோ பின்வாங்கின. ஐ.நா. நிறுவிய நீதிமன்றம் 1998இல், ழான் பால் அகாயேசு என்னும் முன்னாள் நகராட்சித் தலைவரை இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று இக்குற்றத்திற்காக வழங்கிய முதல் தீர்ப்பு அதுவே. ஆயினும் நீதி, இறந்தோரைத் திருப்பித் தரவில்லை.

ஐ.நா. என்பது நாடுகளின் கூட்டம். நாடுகள் என்பவை மக்களாகிய நாமே. ருவாண்டாவில் கத்தி ஓங்கப்படுவதற்கு முன்பே, வானொலியில் அண்டை வீட்டாரைக் கரப்பான் பூச்சிகள் என்று இழித்துரைத்தார்கள். கேட்டவர்கள் வாய் மூடியிருந்தார்கள். நம் தெருவிலோ பங்கிலோ ஒரு சாதியையோ மதத்தையோ இழித்துப் பேசும் சொல் எழும்போது, அதை அங்கேயே மறுத்துரைப்போம். அமைதிப்படை வந்து சேராத இடத்தில் அந்தப் பணி நம்முடையதே.