காற்றுக்கு வழி விடுங்கள்

200 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஓவனிலிருந்து தட்டை எடுக்கக் கை உள்ளே போகிறது. அனல் அடிக்கிறது; ஆனாலும் ஓரிரு நொடியில் வெளியே வந்துவிட்டால் தோலுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே கை மேலடுக்குக் கம்பியில் உரசினால் அந்த இடத்தில் கொப்புளம். இட்லிப் பானையின் ஆவியோ 100 டிகிரிதான். அதில் ஒரு நொடி கூடக் கையைக் காட்ட முடியாது. ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அந்தச் சூட்டை எவ்வளவு வேகமாக இன்னொன்றுக்குக் கைமாற்றுகிறது என்பது வேறு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கில் காற்று மகா மந்தம்.

மாடுலர் கிச்சன் அலமாரிக்குள் பதித்துவைக்கும் மின்சார ஓவன்களில் பல 60 முதல் 75 லிட்டர் கொள்ளளவு உள்ளவை. 65 லிட்டர் ஓவனுக்குள் 200 டிகிரியில் நிற்கும் காற்று மொத்தத்தையும் எடைபோட்டால் 50 கிராம் கூட வராது. இவ்வளவு அற்பமான சரக்கை வைத்துக்கொண்டு ஒரு முழுக் கோழியை வேகவைத்தாக வேண்டும். ஓவனை வடிவமைப்பவரின் தலைவலி இதுதான். அதை வாங்கி வைத்திருப்பவர் சந்திக்கும் தலைவலிகளில் பாதிக்கும் இதுவே மூலம்.

விசிறி இல்லாத ஓவனில் உணவுக்குப் போய்ச்சேரும் வெப்பத்தில் பெரும்பகுதி காற்றின் வழியாக வருவதே இல்லை. சூடேறிய சுவர்களும் மேலும் கீழும் உள்ள காயில்களும் கதிர்வீச்சாக அனுப்பும் வெப்பம் அது. கதிர்வீச்சு நேர்கோட்டில் போகும்; வழியில் ஒரு தட்டு நின்றால் அதன் பின்னால் இருப்பதற்குக் கிடைக்காது. அதனால்தான் இரண்டு தட்டு பிஸ்கட்டை அடுக்கி வைத்தால் மேல்தட்டின் மேற்புறமும் கீழ்த்தட்டின் அடிப்புறமும் கருகி, நடுவில் இருப்பவை வெளுத்துப்போகின்றன. போதாக்குறைக்கு, உணவின் மேல்தோலை ஒட்டி அசையாத காற்றின் மெல்லிய படலம் ஒன்று எப்போதும் இருக்கும். உணவிலிருந்து கிளம்பும் ஈரமும் சேர்ந்து அந்தப் படலம் குளிர்ச்சியாகவே நின்று, வெளியே இருக்கும் சூட்டை உள்ளே விடாமல் தடுக்கும்.

கொதிக்கும் காபியை ஊதும்போது அதன்மேல் நிற்கும் சூடான படலத்தைத் துரத்துகிறோம் இல்லையா, கன்வெக்‌ஷன் ஓவனின் விசிறி செய்வதும் அதே வேலைதான், தலைகீழாக: குளிர்ந்த படலத்தைத் துரத்திவிட்டுச் சூடான காற்றை ஒட்டவைக்கிறது. பின்சுவரில் விசிறி, அதைச் சுற்றி வட்டமாக ஒரு காயில். விசிறி நடுவிலிருந்து காற்றை உள்ளிழுத்து, வட்டக் காயிலின் மேல் அடித்து, ஓரங்கள் வழியாக அறைக்குள் தள்ளுகிறது. வட்டக் காயில் இல்லாமல் வெறும் விசிறியை மட்டும் வைத்துவிட்டுப் பெட்டியின் மேல் ‘கன்வெக்‌ஷன்’ என்று அச்சடிப்பவர்களும் உண்டு. அதுவும் வேலை செய்யும். ஆனால் மூன்று தட்டை ஒரே நேரத்தில் ஏற்றினால் வித்தியாசம் தெரிந்துவிடும். கடையில் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பின்புறம் காயில் இருக்கிறதா என்பதே. தொடுதிரை, நாற்பது தானியங்கிச் சமையல் திட்டம் எல்லாம் பிறகு.

இந்த யோசனை வீட்டுச் சமையலறைக்காகப் பிறந்தது என்று சொல்ல முடியாது. 1945-இல் அமெரிக்கரான வில்லியம் மாக்சன் ‘வேர்ல்விண்ட்’ என்ற பெயரில் விசிறி வைத்த சிறு ஓவன் ஒன்றைக் கொண்டுவந்தார். கடற்படையின் நெடுந்தூர விமானங்களில் உறைய வைத்த சாப்பாட்டுத் தட்டுகளைச் சூடாக்குவது அதன் வேலை. விமானத்தில் இடமும் குறைவு, நேரமும் குறைவு. காற்றை வேகமாக ஓடவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. வயது கணக்கில் காயிலுக்குள் இருக்கும் கம்பி இன்னும் மூத்தது: நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோமுக்கு ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்றது 1906-இல். செக்கச் சிவக்கக் காய்ந்தாலும் சட்டென்று துருவேறி அறுந்துபோகாத அந்தக் கம்பி இல்லாவிட்டால் டோஸ்டரும் கிடையாது, அயர்ன்பாக்ஸும் கிடையாது.

காற்று ஓடத் தொடங்கியதும் சமையல் குறிப்பில் உள்ள எண்கள் மாறுகின்றன. கேக் புத்தகம் 180 டிகிரி என்று சொன்னால் விசிறி முறையில் 160 வைத்தால் போதும். பொதுவாக 15 முதல் 20 டிகிரி குறைக்கலாம். சில ஓவன்கள் இந்தக் கழிவைத் தாமே செய்துகொள்ளும், ஆகவே கையேட்டை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது. இல்லையென்றால் இரட்டைக் கழிவு விழுந்து கேக் பச்சையாக நிற்கும்.

திருகு குமிழைச் சுற்றியுள்ள படங்களையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். வட்டத்துக்குள் விசிறி இருந்தால், பின்புறக் காயிலும் விசிறியும். மேலும் கீழும் கோடு, நடுவில் விசிறி என்றால் மேல் கீழ்க் காயில்களின் சூட்டை விசிறி கலக்கிவிடும். கோடுகள் மட்டும் இருந்தால் விசிறி ஓடாது. வளைந்து வளைந்து போகும் கோடு கிரில். எங்கே எதைப் போடுவது என்பதற்கு நான் கடைப்பிடிப்பது எளிய விதி: மேல்தோல் காய்ந்து மொறுமொறுக்க வேண்டியதற்கு விசிறி, மெதுவாக எழும்ப வேண்டியதற்கு விசிறி வேண்டாம். பஃப்ஸ், பிஸ்கட், கோழி, உருளைக்கிழங்கு, முந்திரி வறுவல் எல்லாம் முதல் கட்சி. பஞ்சுக் கேக் இரண்டாவது. அதன் மாவு எழும்பி முடிவதற்குள் விசிறி மேல்தோலை உலர்த்திக் கெட்டிப்படுத்திவிட்டால், உள்ளிருந்து எழும் மாவு தோலைப் பிளந்துகொண்டு எரிமலை போல நிற்கும். காற்று வரும் பக்கம் பார்த்துச் சாய்வதும் உண்டு.

மொறுமொறுப்பு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உணவு பொன்னிறமாவது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நடத்தும் வினை. பிரெஞ்சுக்காரரான லூயி கமீல் மைலார்ட் 1912-இல் விவரித்தது. சமையலில் அது மும்முரமாக நடக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, ஏனென்றால் வருகிற சூடெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஆக, கழுவிய கோழியைத் துணியால் ஒற்றி உலர்த்தாமல் உள்ளே வைப்பதும், தட்டில் உருளைக்கிழங்குத் துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கிக் குவிப்பதும் ஓவனை ஆவிப்பானையாக மாற்றும் வேலை. துண்டுகளுக்கு இடையே இடம் வேண்டும். தட்டுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று நான்கு சென்டிமீட்டராவது விடவேண்டும். உயர்ந்த விளிம்புள்ள பாத்திரம் காற்றைத் தடுத்து நிறுத்தும். விளிம்பு தாழ்ந்த தட்டு நல்லது.

“நடுவில் கதவைத் திறக்காதே” என்ற எச்சரிக்கை எல்லார் வாயிலும் வரும். இதில் பாதி உண்மை. திறந்ததும் வெளியேறும் காற்றின் எடைதான் நமக்குத் தெரியுமே. அதன் இடத்துக்கு வந்த குளிர்காற்றைத் திரும்பச் சூடாக்க 2 கிலோவாட் காயிலுக்கு ஐந்தாறு நொடி போதும். வெப்பத்தின் சேமிப்பு இருப்பது எஃகுச் சுவரில். ஆகவே கோழியைத் திருப்பிப்போடத் திறப்பதால் குடி முழுகிவிடாது. சுவர் ஆறும்வரை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிப்பதுதான் தவறு. கேக்குக்கு மட்டும் விதிவிலக்கு: மாவு இறுகுவதற்குமுன் குளிர்காற்று பட்டால் உள்ளே உப்பியிருக்கும் குமிழிகள் சுருங்கி நடு அமுங்கிவிடும். முன்சூடு ஏற்றுவது எதற்கு என்பதற்கும் சுவர்தான் பதில். காற்று ஒரு நிமிடத்தில் சூடாகிவிடும்; சுவர் சூடேறத்தான் பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கிறது. காட்டும் டிகிரியை முழுதாக நம்பவும் வேண்டாம். தெர்மோஸ்டாட் காயிலை அணைத்து அணைத்து ஏற்றுவதால் உள்ளே சூடு ஏறியிறங்கியபடியே இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவன் வெப்பமானி ஒன்றை உள்ளே தொங்கவிட்டால் உங்கள் ஓவனின் குணம் தெரிந்துவிடும்.

காற்றோட்டம் உள்ளே எவ்வளவு தேவையோ, வெளியேயும் அவ்வளவு தேவை. ஓவனின் தலைப்பகுதியில் இன்னொரு விசிறி உண்டு. அலமாரியையும் மின்னணுப் பலகையையும் குளிர்விப்பது அதன் வேலை. சமையல் முடிந்தபின்னும் அது சிறிது நேரம் ஓடும். ‘கரண்ட் வீணாகிறது’ என்று நம் வீடுகளில் உடனே சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். உள்ளே 200 டிகிரி அடைபட்டிருக்க, மின்னணுப் பலகை அதன் தலைமேல் உட்கார்ந்து வேகும். அந்த விசிறி தானாக நிற்கட்டும். அலமாரி செய்யும் ஆசாரியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்: ஓவன் இருக்கும் குழியின் பின்புறத்தைப் பலகையால் மூடக்கூடாது. கரப்பான்பூச்சி வருமே என்று நல்லெண்ணத்தில் அடைத்துவிடுவார்கள்; சூடான காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் போகும். குழியின் பலகையும் பசையும் 90 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது கையேடுகளில் வழக்கமாகக் காணும் நிபந்தனை.

மின்சாரக் கணக்கு எளிது. 3 கிலோவாட் ஓவன் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்கெனத் தனி வயர், தனி எம்.சி.பி., உண்மையிலேயே இணைக்கப்பட்ட எர்த் ஆகியவை கட்டாயம். பழைய கட்டடங்களில் மூன்றாவது துளை அலங்காரத்துக்கு மட்டும் இருப்பதுண்டு. எலக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. பிளக் ஓவனுக்குப் பின்னால் ஒளிந்திருக்காமல், அவசரத்துக்குக் கை எட்டும் பக்கத்து அலமாரியில் இருக்கட்டும். மின்தடைக்குப் பிறகு ஓவன் அடம்பிடித்தால் பதறி மெக்கானிக்கை அழைக்குமுன் மினுக்கிக்கொண்டிருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். பல மாடல்கள் நேரத்தைச் சரியாக வைக்கும்வரை சூடாகவே மாட்டா.

சூடான கதவைத் திறக்கும்போது முகத்தை நேரே நீட்டாமல் பக்கவாட்டில் நின்று, முதலில் ஒரு விரற்கடை திறந்து ஆவியை வெளியே விடுவது மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டுமான அறிவுரை இல்லை. பிடிதுணி ஈரமாக இருந்தால் அது பிடிதுணியே அல்ல. நீர் சூட்டை நொடியில் கடத்தி விரலுக்கும் துணிக்கும் இடையே ஆவியாகும். கண்ணாடிப் பாத்திரத்தைச் சுடச்சுட எடுத்து ஈரமான கிரானைட் மேடையில் வைத்தால் விரிசல் விடலாம்; மரப்பலகை அல்லது மடித்த காய்ந்த துணியின் மேல் வையுங்கள். சுத்தம் குலையாமல் இருக்க ஓவனின் அடித்தளத்தில் அலுமினியத் தாள் விரிக்கும் பழக்கம் ஆபத்தானது: கீழ்க் காயில் பெரும்பாலும் அந்தத் தளத்துக்கு அடியில்தான் இருக்கிறது. வெப்பம் வெளியேற வழியின்றி எனாமல் பூச்சு வெடிக்கும். பட்டர் பேப்பரைத் தட்டின் அளவுக்கு வெட்டி, மேலே எடை வைத்துத்தான் விசிறியை ஓடவிட வேண்டும். பறந்துபோய்க் காயிலில் ஒட்டினால் தீப்பிடிக்கும். அப்படியே பிடித்தாலும் கதவைத் திறக்காதீர்கள். ஓவனை அணைத்து, மெயினை நிறுத்திவிட்டு மூடியே வைத்தால், புதிய காற்று கிடைக்காத தீ தானே அடங்கும்.

வாங்கிய ஆர்வம் வடிந்தபின் பல வீடுகளில் ஓவன், தோசைக்கல்லும் பிளாஸ்டிக் டப்பாவும் வைக்கும் அலமாரியாகிவிடுகிறது. முன்சூடு ஏற்றுமுன் உள்ளே எட்டிப் பார்ப்பது அதனால் அவசியம். இன்னொரு விஷயமும் நேரும். காயிலின் எஃகுக் குழாய்க்குள் நிக்ரோம் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். வெப்பத்தைக் கடத்தி, மின்சாரத்தைத் தடுக்கும் அருமையான தூள். ஆனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த ஓவனை மழைக்காலத்தில், அதுவும் கடற்கரை ஊரில், திடீரென்று இயக்கினால் மின்கசிவு ஏற்பட்டு ஆர்.சி.சி.பி. விழக்கூடும். அப்போது அந்தப் பாதுகாப்புக் கருவியைத் தவிர்த்து நேரடியாக இணைப்பு கொடுக்கச் சொல்லாதீர்கள், யாராவது கொடுக்க முன்வந்தாலும் விடாதீர்கள். எலக்ட்ரீஷியன் காயிலின் காப்புத்தடையை அளந்து பார்த்து, ஈரம் மட்டும்தான் காரணம் என்றால் கழற்றி உலர்த்திவிடுவார். குழாயின் முனை அடைப்பே விரிசல் விட்டிருந்தால் காயிலை மாற்ற வேண்டும். மற்றபடி மாதம் ஒருமுறையாவது வேர்க்கடலையோ பிஸ்கட்டோ உள்ளே போனால் தூள் தானே காய்ந்துகொள்ளும்.